மாறிய செல்லை எண்ணுவது எப்படி?

கேள்வி: ரௌஸ் வைரஸின் அளவை ‘ஃபோகஸ்’ எண்ணிக் கணக்கிடுவதாகப் பாடத்தில் வருகிறது. செல் சாகவே இல்லையே, எதை எண்ணுகிறார்கள்?
(நுண்ணுயிரியல் மாணவி, திருச்சி)

பதில்: செல்லைக் கொல்லும் வைரஸ், தட்டில் பரப்பிய செல் படலத்தில் ஓட்டை போடும், அதை எண்ணிவிடலாம். கோழிக்குக் கட்டி தரும் ரௌஸ் வைரஸ் செல்லைக் கொல்லாது, அதன் உருவத்தையும் நடத்தையையும் மாற்றிவிடும். அந்த மாற்றத்தையே எண்ணும் முறையை 1958-இல் ஹோவர்ட் டெமினும் ஹாரி ரூபினும் வெளியிட்டார்கள்.

10 நாள் கோழிக்கருவை டிரிப்சின் என்ற நொதியால் தனிச் செல்களாகப் பிரித்து வளர்த்து, 60 மி.மீ. தட்டில் சுமார் 10 லட்சம் செல்களைப் பரப்புவார்கள். தட்டு நிரம்புவதற்கு முன்பே வைரஸ் போட்டாக வேண்டும்; இரண்டாகப் பிளந்து பெருகாத செல் மாறாது. நீர்த்த வைரஸை 0.1 மி.லி. விட்டு, நடுப்பகுதி காய்ந்துவிடாமல் தட்டை அவ்வப்போது சாய்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு ஊட்டக்கரைசல் கலந்த அகாரை (ஆறியதும் உறையும் கூழ்) மேலே ஊற்றுவார்கள். சூடாக ஊற்றினால் செல் வெந்துவிடும். 42 டிகிரி போதும். அகார் இல்லாவிட்டால் மாறிய செல் வெளிவிடும் புது வைரஸ் தட்டெங்கும் மிதந்துபோய் ஒன்றைப் பத்தாக்கிவிடும்.

ஒரு வாரத்தில் நுண்ணோக்கியில் பாருங்கள். சாதாரணச் செல்கள் நீண்டு, வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றின் நடுவே உருண்டு பளபளக்கும் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திராட்சைக் கொத்துபோல் தெரியும். அதுதான் ஃபோகஸ். 10,000 மடங்கு நீர்த்த திரவத்தில் 0.1 மி.லி.க்கு 42 கொத்து வந்தால், மூலத்தில் மி.லி.க்கு 42 லட்சம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு கொத்துகூட வராவிட்டால் முதலில் முட்டையைச் சந்தேகப்படுங்கள். சில கருக்களில் கோழிக்கு ரத்தப் புற்று தரும் லூகோசிஸ் வைரஸ் முன்பே குடியிருக்கும். அந்தச் செல்களில் ரௌஸ் வைரஸ் எடுபடாது. ரூபின் 1960-இல் காட்டியது இது. ஆகவே கருக்களை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக வளர்ப்பதே நல்லது.

கேள்வி: எலிக்குக் கட்டி தரும் சார்கோமா வைரஸை எலிக்கரு செல்களில் போட்டோம். இரு மடங்கு நீர்த்தால் ஃபோகஸ் பாதியாகாமல் கால்வாசியாகிறது. பிப்பெட் பிழையா?
(ஆய்வு மாணவர், கோவை)

பதில்: பிப்பெட்டைத் திட்டாதீர்கள். அந்த வைரஸ் குறைபாடுள்ளது, தானாகப் பெருகாது. கொத்து கண்ணுக்குத் தெரியுமளவு பரவ, துணையாக லூகீமியா (ரத்தப் புற்று) வைரஸும் வேண்டும். நீர்க்கும்போது இரண்டும் பாதியாகின்றன. பாதியில் பாதி கால். எல்லாத் தட்டிலும் துணை வைரஸைத் தாராளமாகச் சேர்த்துப் பாருங்கள், எண்ணிக்கை நேர்விகிதத்துக்குத் திரும்பும்.