ஜோடிப் பெண்ணுக்கு என்ன பதில்?

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குப் போகிறேன். 20 வயது மகள் பீச் வாலிபால் ஆடுகிறாள். தினமும் விடியற்காலையில் மெரினாவுக்குப் போய்ப் பயிற்சி. நல்ல வரன் வந்திருக்கிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கல்யாணத்தை முடிக்கப் பார்க்கிறோம். முடியாது என்று அழுகிறாள். அவளோடு ஆடும் பெண்ணும் இரண்டு முறை வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனாள். மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மகள் இருக்கட்டும். வாசலில் நின்று அழுத அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அதைக் காணோம்.

ஆறு பேர் ஆடும் வாலிபாலில் ஒருத்தி போனால் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி எழுந்து வருவாள். மணலில் அது நடக்காது. 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், காக்க இரண்டே பேர். ஒருத்திக்குக் கால் பிசகி ஆட முடியாமல் போனால் ஆட்டம் எதிரணிக்கு. உலகப் போட்டிகளில் இடம் கொடுக்கவே இருவரின் புள்ளிகளையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். வலை அருகே நிற்பவள் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் கோட்டோரப் பந்தை நான் மறிக்கிறேன், இரண்டு என்றால் குறுக்கே வருவதை. பின்னால் இருப்பவள் அந்த விரலை நம்பித்தான் ஓடுகிறாள். அப்படி ஓடும் பெண்ணை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

துறைமுகச் சுவர் எழுந்தபின் மெரினாவில் மணல் சேர்ந்தது. உங்கள் பக்கம், ராயபுரத்துக்கு வடக்கே, கடல் மணலை அரித்து, இப்போது கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. அதனால்தான் உங்கள் மகள் இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கிறது. தனியாக அனுப்பியிருப்பீர்களா? துணைக்கு ஒருத்தி இருக்கிறாள் என்றுதானே அனுப்பினீர்கள்? வலை கடலில் கிடக்கும்போது, வேறு நல்ல இடம் கிடைத்தது என்று ஒருவன் படகை விட்டு இறங்கினால் அவனை என்ன சொல்லித் திட்டுவீர்கள்?

கல்யாணத்துக்கு நான் எதிரி அல்ல. நல்ல வரன் தேடுவது தகப்பன் கடமை. ஆனால் தாலி ஏறினால் ஆட்டம் முடிந்தது என்று யார் சொன்னது? அமெரிக்காவின் மிஸ்டி மேயும் கெர்ரி வால்ஷும் 2004, 2008, 2012 என மூன்று ஒலிம்பிக்கிலும் ஜோடியாகத் தங்கம் வென்றார்கள். பிந்திய இரண்டும் இருவருக்கும் கல்யாணமான பிறகு. 2012இல் வால்ஷ் இரண்டு பிள்ளைகளின் தாய். மூன்றாவதை வயிற்றில் சுமந்துகொண்டே ஆடினார். உடை பற்றி உறவினர் முணுமுணுத்தால், கையுள்ள சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிய 2012இலேயே விதி இடம் கொடுத்துவிட்டது.

மகளுக்கும் ஒரு சொல். பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்தலாம் என்று கனவு காணாதே. படிப்பை முடி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. எந்தச் சான்றிதழ் செல்லும் என்று விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நேரில் போய்க் கேள். வீட்டு வேலையை அம்மா தலையில் கட்டிவிட்டு ஓடாதே.

ஐயா, மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் பேசுங்கள். என் மகள் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள், ஆடுவாள் என்று சொல்லுங்கள். அதற்கே முகம் சுளிக்கிற வீடு என்றால் வேறு வரன் பாருங்கள். ஜூன் 14 வரை வீட்டில்தானே இருப்பீர்கள்? ஒரு நாள் அவர்களோடு முதல் பஸ்ஸில் மெரினாவுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். திரும்பும்போது அந்தப் பெண்ணுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.