தென்னை விளை: வாசகர் கேள்வி பதில்

குமரி மாவட்டம் ஈத்தாமொழியில் தாத்தா வைத்த நெட்டை மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. சீக்கிரம் காய்க்கும் ஒட்டுரகம் வைக்கலாமா?

வேண்டாம். ஒட்டுரகம் சீக்கிரம் காய்க்கும், சரி. தண்ணீரும் உரமும் குறைந்தால் முதலில் துவள்வதும் அதுதான். ஈத்தாமொழி நெட்டை புவிசார் குறியீடு பெற்ற ரகம். அது உங்கள் விளையிலேயே (தோப்பிலேயே) நிற்கும்போது வேறு கன்றை ஏன் தேட வேண்டும்?

தாய்மரத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். முதலில் தேங்காய் வெட்ட வரும் அண்ணனைக் கேளுங்கள். எந்த மரம் ஒவ்வொரு வெட்டுக்கும் ஏமாற்றாமல் காய் தருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். வயது 25 முதல் 40 வரை, வருஷத்துக்கு நூறு காய்க்குக் குறையாத மரமாக இருக்கட்டும். அண்ணாந்து பாருங்கள்: கொண்டை குடை விரித்ததுபோல இருக்க வேண்டும், குலைகள் தொங்காமல் மட்டைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். தொழுவம், எருக்குழி ஓரத்து மரம் வேண்டாம். அங்கே நன்றாகக் காய்ப்பது எருவின் பலனாக இருக்கலாம். நன்கு முற்றிய 11, 12 மாதக் காயைக் கயிறு கட்டி இறக்குங்கள். குலுக்கும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்காத காயை ஒதுக்கிவிடுங்கள்.

நெட்டையில் பக்கத்து மரத்து மகரந்தமும் சேரும். அதனால் நான்கைந்து விளைக்காரர்கள் சேர்ந்து, நல்ல மரங்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில் காய் எடுத்து, பொதுவாக ஒரு நாற்றங்கால் போடுங்கள். பிந்தி முளைப்பதை இரக்கம் பார்க்காமல் கழித்துவிடுங்கள்.

விரியும் குருத்தோலை எல்லாம் கத்தரித்ததுபோல இருக்கிறது. மருந்து அடித்தும் நிற்கவில்லை.

காண்டாமிருக வண்டு. அதன் புழு வளர்வது எருக்குழியிலும் பட்டுப்போன தென்னந்தடியிலும். உங்கள் விளையைச் சுத்தம் செய்து பக்கத்து விளையில் தடி மக்கிக் கிடந்தால் வண்டு பறந்து வந்துவிடும். ஊராகச் சேர்ந்து ஒரே நாளில் தடிகளை அப்புறப்படுத்தி, எருக்குழிகளைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். அப்புறம் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளில் இரு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்மட்டைகள் மூன்றின் இடுக்கில் போடுங்கள்.

கதம்பையை (உரித்த தேங்காய் மட்டையை) எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். மரத்தின் அடியைச் சுற்றித் தடம் எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுங்கள். மழைத்தண்ணீரைப் பல வருஷம் பிடித்துவைக்கும்.

கன்று நடும் குழியில் உப்பு போடும் பழைய வழக்கம் சரியா?

மேற்கே விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் மண்ணுக்குச் சரி. இறுகிய மண் இளகும். கடற்கரை மணலுக்குத் தேவையில்லை.