கிளை வெட்டும் வேலைக்கு முதுகலைப் பட்டம் எதற்கு?

ஐயா, வணக்கம். உங்கள் மகள் தாவரவியல் முடித்த கையோடு ஒயின் திராட்சை வளர்ப்பில் முதுகலை படிக்க விரும்புகிறார், அதிலும் கவாத்துதான் தனக்குப் பிடித்த வேலை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளை வெட்ட எதற்கு முதுகலைப் பட்டம் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அந்த வேலை என்னவென்று தெரிந்தால் உங்கள் கவலையில் பெரும்பகுதி குறையும் என்று நம்புகிறேன்.

திராட்சையின் பூங்கொத்து, முந்தைய கோடையிலேயே மொட்டுக்குள் கருவாக உருவாகிவிடுகிறது. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து கொடி உறங்கும்போது, எத்தனை மொட்டுகளை விடலாம் என்று முடிவெடுப்பவர் அடுத்த அறுவடையையே முடிவு செய்கிறார். அதிகம் விட்டால் குலைகள் பெருகும். அத்தனைக்கும் சர்க்கரை ஊட்ட இலைகளால் முடியாது. பழுப்பது தள்ளிப்போகும், நிறமும் மங்கும். சரி, குறைவாக விட்டால்? கொடியின் பலமெல்லாம் சில துளிர்களுக்கே போய், அவை மதமதவென்று வளர்ந்து குலைகளை நிழலில் மூடிவிடும். நிழலில் கிடந்த கேபர்னே சோவினியோன் என்ற திராட்சை வகையின் பழத்தில் குடைமிளகாய் வாடை தங்கும். அது ஒயினிலும் வரும். விளைச்சல் குறைந்தாலே தரம் கூடிவிடும் என்று பலர் சொல்வதை அதனால்தான் நான் ஏற்பதில்லை.

இந்தச் சமநிலையை அளக்க வழி இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் ஆய்வு செய்த நெல்சன் ஷாலிஸ், வெட்டிய கிளைகளை எடை போட்டு, அதை வைத்து விடவேண்டிய மொட்டுகளைக் கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தார். கான்கார்ட் வகைக்கு முதல் பவுண்டுக்கு 30 மொட்டு, அடுத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் 10. பிரான்சின் லூயி ரவாஸ் பெயரில் ஒரு குறியீடும் உண்டு: பழத்தின் எடையைக் கவாத்துக் கிளைகளின் எடையால் வகுத்தால், பொதுவாக 5 முதல் 10 வரை இருப்பது நல்லது.

முறையும் வகைக்கு வகை மாறும். சில வகைகளில் கிளைக்கு இரண்டு மொட்டு விட்டு ஒட்ட வெட்டினாலே போதும். இத்தாலியின் நெபியோலோவில் அப்படிச் செய்தால் விளைச்சல் அடிபடும். அதன் அடிமொட்டுகள் சரியாகக் காய்ப்பதில்லை. அதற்கு நீளக் கிளை விடவேண்டும். வசந்தத்தில் உறைபனி விழும் இடங்களில் கவாத்தைத் தள்ளிப்போட்டுத் துளிர்ப்பைத் தாமதப்படுத்துவார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வெட்டுக்காயம். முதிர்ந்த தண்டில் போடும் பெரிய வெட்டு வழியாகப் பூஞ்சை உள்ளே போய் எஸ்கா, யூட்டிபா போன்ற நோய்களைக் கொண்டுவரும். தவறு இன்று நடக்கும், கொடி சாவது பல வருடம் கழித்து. தலைமுறை தாண்டி நிற்க வேண்டிய தோட்டத்தில் அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இத்தாலியின் மார்கோ சிமோனித், பியர்பாவ்லோ சிர்க் இருவரும் சாறோட்டம் தடைபடாமல் வெட்டும் முறையைப் பல நாடுகளில் கற்றுத்தருகிறார்கள். பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் கவாத்துக்கென்றே தனி டிப்ளமா தொடங்கப்பட்டது.

இனி வேலை. வெட்டுவது மட்டும் என்றால் அது பருவ வேலை, வருமானம் சீராக வராது. இதை உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வட அரைக்கோளத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை, தென் அரைக்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று இரண்டிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் உண்டு; இளம் வயதில் கற்றுக்கொள்ள அது அருமையான வழி. நிலையான வேலை என்பது தோட்ட மேலாளர், ஆலோசகர், பயிற்சியாளர் பொறுப்புகளில்தான் இருக்கிறது. அவற்றுக்குத் தாவர உடலியலும் நோயியலும் வேண்டும். பட்டம் அங்கேதான் உதவும். மதுத் தொழில் என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால், இதே அறிவு உண்ணும் திராட்சைக்கும் உலர்திராட்சைக்கும் பயன்படும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் ஏதாவது தோட்டத்தில் கவாத்து வேலை செய்யட்டும். கடுங்குளிர், மணிக்கட்டு வலி, ஒரே வேலையை நாளெல்லாம் செய்வது எல்லாம் அப்போது தெரிந்துவிடும். அப்புறம் கல்லூரிகளுக்கு எழுதும்போது முதலில் இதைக் கேளுங்கள்: மாணவர் தானே கவாத்து செய்த கொடிகளை அறுவடை வரை தொடர்ந்து கவனிக்க உங்கள் தோட்டத்தில் இடம் உண்டா?