பாஸ்டனில் வேடம் கட்ட ஆசைப்படும் தம்பிக்கு

அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் ஊர்வலத்தில் நீலச் சீருடையும் துப்பாக்கியுமாக, அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட கறுப்பினச் சிப்பாய்களின் 54ஆவது மாசசூசெட்ஸ் படை வேடத்தில் நடந்து வந்தவர்களைப் பார்த்தேன், பழைய வரலாற்றை வேடம் கட்டி நடித்துக் காட்டும் அந்த ரீஎனாக்ட்மென்ட் குழுவில் நானும் சேரலாமா, உடுப்புக்கு எவ்வளவு ஆகும், எச்1பி விசாவில் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்து ஆறே மாதத்தில் இதைக் கேட்கிறீர்களே தம்பி, எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

விசாவில் இருக்கும்போது சன்மானம் எதுவும் வாங்காதீர்கள். துப்பாக்கியைத் தொடும் முன் வக்கீலிடம் கேளுங்கள். உடுப்பு விலையைக் குழுவிலேயே சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு.

போன முதல் நாளே உடுப்பைக் கேட்காதீர்கள். எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் பாரதக் கூத்தில் வேடம் கட்டுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருந்துதான் கட்டுவார். இங்கே ஒரு பெரியவர் கோட்டின் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் துடைப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. கொஞ்ச நாள் தண்ணீர் கேன் தூக்குங்கள், நாற்காலி போடுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். பீக்கன் ஹில்லில் 1806இல் கறுப்பின மக்களின் தேவாலயமாகக் கட்டிய ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸுக்குப் போங்கள். 54ஆவது படைக்கு ஆள் சேர்த்த இடங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் படையின் சம்பளக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சட்டையைப் போடக் கூடாது. மாதம் 13 டாலர் என்று சொல்லிச் சேர்த்தார்கள். கொடுக்க வந்தது 10, அதிலும் உடுப்புக்கென்று 3 பிடித்தம். வெள்ளைச் சிப்பாய்க்கு முழு 13. அந்தப் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சத்தை மாநில அரசு தருகிறேன் என்றபோதும் வாங்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரை வருடம் சம்பளம் இல்லாமல் சண்டை போட்டார்கள். 1863 ஜூலை 18 அன்று சார்ல்ஸ்டன் அருகே வாக்னர் கோட்டையில் அத்தனை பேர் விழுந்ததும் அந்த நாட்களில்தான்.

1999இல் என்னை அழைத்து வந்த கம்பெனி, பிராஜெக்ட் கிடைக்கும்வரை மூன்று மாதம் பெஞ்சில் உட்காரவைத்துப் பாதிச் சம்பளம் கொடுத்தது. விசா போய்விடுமே என்று வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். அதனால்தானோ என்னவோ, இந்தக் கதையை முதலில் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். நான் பேசியிருக்கிறேன். ஒரு கதைசொல்லும் கூட்டத்தில் ஒரு கறுப்பின அம்மா அடிமையாக இருந்த தன் பூட்டியின் கதையைச் சொல்லி முடித்ததும், "எங்களையும் வெள்ளைக்காரன் அடிமையாகத்தான் வைத்திருந்தான்" என்று எழுந்து சொன்னேன். அவர் லேசாகத் தலையசைத்துவிட்டு அடுத்தவரைப் பேசச் சொன்னார். என் பாட்டனை யாரும் ஏலத்தில் விற்கவில்லை. நினைத்தால் டிக்கெட் எடுத்துப் போய் அவர் கட்டிய வீட்டுத் திண்ணையில் நான் உட்காரலாம். அந்த அம்மாவுக்குத் தன் பூட்டி பிறந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

நம்மவர்களில் சிலர் இருபத்தைந்து வருடம் இங்கே இருந்துவிட்டு, புதிதாக வருகிறவர்களிடம், கறுப்பின மக்கள் நிறைய வாழும் பகுதி என்பதால், "ராக்ஸ்பரிப் பக்கம் போகாதே" என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கறுப்பின மக்களுக்குத் தங்களுக்குள் ஒரு பட்டப்பெயர் வேறு. எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது. 1965க்கு முன்னால் இந்தியர்களுக்கு இங்கே குடியேற வருடத்துக்கு 100 பேர் என்றுதான் சட்டத்தில் கணக்கு. அந்தச் சட்டம் மாறியது சிவில் உரிமைப் போராட்டம் கிளப்பிய அலையில். நாம் வந்து நிற்கும் வாசல் அவர்கள் அடி வாங்கித் திறந்தது.

எனக்கு டார்செஸ்டரில்தான் முதல் அறை, வாடகை குறைவு என்பதால். முதல் பனிக்காலத்தில் செருப்போடு வாசலில் நின்று திகைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக் கறுப்பினத் தாத்தா ஒரு ஜோடி பூட்ஸும் பனி அள்ளும் மண்வெட்டியும் கொண்டுவந்து வைத்தார். பனி உருகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டன் காமன் பூங்காவில், மாநிலச் சட்டமன்றத்துக்கு எதிரே இருக்கும், 54ஆவது படையை நடத்திய வெள்ளை அதிகாரி ஷாவின் நினைவுச்சின்னத்துக்கு அழைத்துப் போனார். முன்பக்கத்தில் 1897இலேயே வெண்கலத்தில் சிப்பாய்களின் முகங்கள் வந்துவிட்டன. பின்பக்கத்தில் முதலில் இருந்தவை இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள். கறுப்புச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தது 1980களில்தான். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, சத்தமாக, அவசரமில்லாமல் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

சரி, உங்களுக்கு ஏற்ற முதல் படி அந்த இடத்திலேயே இருக்கிறது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், அடிமைக்கு உங்கள் சுதந்திர நாளான ஜூலை நான்கு என்ன என்று 1852இல் ராச்செஸ்டரில் கேட்ட உரையை ஒவ்வொரு கோடையிலும் அங்கே கூடி வாசிக்கிறார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகள் 54இல் சேர்ந்தவர்கள். யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று ஒரு பத்தி வாசிக்கலாம், எந்த வேடமும் வேண்டாம். நான் பல வருடமாக வாசிக்கிறேன். முந்தின இரவே என் பத்தியை உரக்கப் படித்துப் பழகிவிடுவேன்.

இந்த முறை வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.