அம்மாவின் குழப்பத்துக்குத் தைராய்டுதான் காரணமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு மாதத்துக்கு முன் திடீரென்று பேச்சு குழறியது. வீட்டு ஆட்களையே பெயர் மாற்றிக் கூப்பிட்டார். கை வெட்டி வெட்டி இழுத்தது, ஒரு நாள் ஃபிட்ஸும் வந்தது. பக்கவாதமாக இருக்கும் என்றார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மனநல மருத்துவரிடமும் காட்டினோம். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் இது 'ஹஷிமோட்டோ என்செஃபலோபதி' என்ற மூளைப் பாதிப்பு என்று சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டார். இப்போது ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறது. சர்க்கரை 260 வரை ஏறுகிறது, முகம் உப்பிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். தைராய்டு மூளையைக்கூடப் பாதிக்குமா? எனக்கு 29 வயது. தைராய்டு வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். சோதனை சரியாக இருக்கிறது, ஆனால் ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள் 640. எனக்கும் இது வருமா?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளைகூட விட வேண்டாம். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிடும்போது, அதே வேலையைச் செய்யும் ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் அந்த ஹார்மோனே இல்லாமல் போய்விடும். வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தம் படுத்துவிடுவது என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூளைப் பிரச்சினையும் திரும்பக்கூடும். அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். எவ்வளவு, எப்போது என்பதை அம்மாவைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரைக்கு வழி இருக்கிறது. காலையில் ஸ்டீராய்டு போடுபவர்களுக்குச் சர்க்கரை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து 'நார்மல்' என்று ஏமாந்துவிடக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் சாயங்காலமும் பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டினால் மருந்தைச் சரியான நேரத்துக்கு மாற்றித் தருவார்கள். எலும்புக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். அதைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இருக்கட்டும். முகம் உப்பியது, அளவு குறையக் குறைய வடிந்துவிடும்.

சரி, தைராய்டு மூளையைப் பாதிக்குமா? இரண்டு வழிகளில் பாதிக்கலாம். ஹார்மோன் மிகவும் குறைந்தால் மந்தம், மறதி, தூக்கம், கை மரத்துப்போவது எல்லாம் வரும். அது மாத்திரையில் சரியாகும். அம்மாவுக்கு வந்திருப்பது அந்த வகை அல்ல. இதில் ஹார்மோன் அளவு பலருக்கும் சரியாகவோ லேசாகக் குறைந்தோதான் இருக்கும். அப்படியும் குழப்பம், வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம், பிரமை என்று வரும்.

ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912ல் நான்கு பெண்களின் தைராய்டு வீக்கத்தைப் பற்றி எழுதினார். நம் நோய் எதிர்ப்பு அணுக்களே தைராய்டைத் தாக்கும் அந்த நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. அந்த நோயோடு மூளைக் கோளாறும் சேர்ந்து வந்த ஒரு 48 வயது ஆணைப் பற்றி, பிரிட்டனின் நரம்பியல் மருத்துவர் லார்ட் பிரெயினும் சகாக்களும் 1966ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இது மிக அரிய நோய். பிற்பாடு வந்த ஒரு மதிப்பீட்டில் லட்சம் பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான்.

இந்த நோயாளிகளைப் படுக்கையருகே பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். காலையில் மகளின் பெயரைச் சரியாகச் சொல்வார், மாலையில் அதே மகளை அக்கா என்பார். கைகளை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னால் விரல்கள் நடுங்கும், திடீரென்று ஒரு வெட்டு வெட்டும், டம்ளரைக் கொடுத்தால் தண்ணீர் சிந்திவிடும். ஏறி இறங்கும் இந்தத் தன்மையால்தான் வீட்டில் 'நடிக்கிறார்' என்றோ 'காற்று கருப்பு' என்றோ நினைத்துவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். இ.இ.ஜி.யில் மூளை அலைகள் மந்தமாகத் தெரியும். முதுகுத் தண்டு நீரில் புரதம் கூடியிருப்பது வழக்கம். நீங்கள் மனநல மருத்துவரிடம் போனதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், பல குடும்பங்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன.

இனி நான் முக்கியமாக நினைப்பது. ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள், தைராய்டு மீது தாக்குதல் நடக்கிறது என்பதற்கு அடையாளம். அதுவே போய் மூளையைக் கெடுக்கிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. எண் 200 என்றாலும் 2000 என்றாலும் மூளைப் பாதிப்பின் கடுமை அதைப் பொறுத்து அமைவதில்லை. அதோடு இது ஊரெல்லாம் இருக்கும் எதிர்ப்பொருள். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் பெரியவர்களைச் சோதித்து 2013ல் வெளிவந்த ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு மேல் இது இருந்தது. அப்படியானால் குழப்பத்தோடு வரும் யாருக்கு இந்தச் சோதனை செய்தாலும் பலருக்குத் தற்செயலாகவே பாசிடிவ் வரும். அந்த எண்ணை மட்டும் பார்த்து 'ஹஷிமோட்டோ' என்று முத்திரை குத்திவிட்டால், உண்மையான காரணம் ஒளிந்துகொள்ளும். எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சோடியம், பி12 பார்த்திருக்கிறார்களா? தைராய்டு எதிர்ப்பு நோய் இருப்பவர்களுக்கு பி12 குறைவு சேர்ந்தே வருவதுண்டு. தண்டு நீரில் கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்தார்களா? எல்லாவற்றையும்விட, மூளையையே தாக்கும் என்.எம்.டி.ஏ., எல்.ஜி.ஐ.1 போன்ற எதிர்ப்பொருள்களுக்குச் சோதனை நடந்ததா? அவையும் இதே மாதிரிக் குழப்பமும் வலிப்பும் தரும், ஸ்டீராய்டுக்கும் ஓரளவு அடங்கும், ஆனால் தொடர் சிகிச்சை வேறு. சிலருக்கு உடம்பில் எங்காவது கட்டி இருக்கிறதா என்றும் தேட வேண்டியிருக்கும். ஸ்டீராய்டில் தெளிந்ததால் நோய் இதுதான் என்று முடிவாகிவிடாது. எதிர்ப்பக்கமும் உண்டு, தெளியாததால் இது இல்லை என்றும் முடிவாகிவிடாது: 2020ல் வெளியான ஒரு ஆய்வில், இந்த நோய்க்கான விதிகளுக்குப் பொருந்திய நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஸ்டீராய்டு முழுப் பலன் தந்தது. சோதனை எதுவும் விட்டுப்போயிருந்தால் அடுத்த விசிட்டில் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அது அவரைச் சந்தேகிப்பது ஆகாது.

அளவைக் குறைக்கும்போது சிலருக்கு நோய் திரும்பும். அப்போது ஸ்டீராய்டைக் கூட்டுவதோ, இம்யூனோகுளோபுலின் போடுவதோ, ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துக்கு மாறுவதோ நடக்கும். பெயர் மாறிச் சொல்வது, கை வெட்டுவது, பகலில் அளவுக்கு மீறித் தூங்குவது என்று எதைக் கண்டாலும் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். கையெழுத்தையும் கவனியுங்கள். தினமும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதச் சொன்னால் மாற்றம் சீக்கிரம் பிடிபடும்.

அப்புறம், உங்களைப் பற்றி. தைராய்டு எதிர்ப்பு நோய் குடும்பத்தில் வரக்கூடியது, அதனால் உங்களுக்கு 640 வந்ததில் வியப்பில்லை. ஆனால் மூளைப் பாதிப்பு தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே வருகிற நோய் அல்ல. ஆன்டி டி.பி.ஓ.வைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் காசைச் செலவழிக்க வேண்டாம், அந்த எண்ணைக் குறைக்க மருந்தும் வேண்டாம். வருடம் ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், ரிப்போர்ட்டைக் குழப்பும். குழந்தைக்குத் திட்டமிட்டால் அதற்கு முன்பே ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள். கர்ப்பம் உறுதியானதும் மறுபடி பார்த்துவிட்டு, ஐந்தாம் மாதம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதை மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.