140 குதிரைக்கு 550 சிசி இன்ஜெக்டர் எதற்கு?

கேள்வி: ஹோண்டா சிட்டி 1.5 விடெக் எஞ்சினைப் பிரித்து கேம், பிஸ்டன், ஹெட் வேலை எல்லாம் செய்திருக்கிறேன். டர்போ இல்லை. 140 குதிரைத்திறன் எதிர்பார்க்கிறேன். பழைய இன்ஜெக்டர் (சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் ஊசிக்குழல்) நிமிடத்துக்கு 240 சிசி. ‘ஜப்பான் செட், 550 சிசி’ என்று ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 140 என்றால் 70 பவுண்டு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 735 சிசி. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் 184. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்துவைத்து ஓட்டக்கூடாது என்பதால் 230 சிசி. இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்தால் ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். ஆக, 250-ஐத் தொடும். 270 முதல் 310 சிசிக்குள் வாங்குங்கள், போதும்.

550 போட்டால் ஒரிஜினல் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) அதை 240 என்றே நினைத்து, இரண்டேகால் மடங்கு பெட்ரோலை ஊற்றும். அது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும்; புது பிஸ்டன் ரிங் பதியாது. எஞ்சின் கட்டிய செலவு முழுக்கத் தண்டம். ஈசியூவை டியூன் செய்தாலும் ஐடிலிங்கில் ஊசி திறக்கும் நேரம் மிகக் குறைவு. அளவு நிலையாக நிற்காது, வண்டி குலுங்கும்.

டர்போ போடப்போவது உறுதி என்றால் மட்டும் கதை வேறு. 200 குதிரைக்கு 400 சிசி சரியே. ஆனால் டர்போவும் தனி ஈசியூவும் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். ‘எப்படியும் அடுத்த வருஷம் போடுவேன்’ என்பது கணக்கில் சேராது.

‘ஜப்பான் செட்’ விற்பவரிடம் ஒன்றே கேளுங்கள்: நான்கையும் 3 பார் அழுத்தத்தில் ஓட்டிய ஃப்ளோ டெஸ்ட் ரிப்போர்ட். தரமாட்டார். பாக்கெட்டில் போஷ், டென்சோ என்று அச்சடிப்பது யாருக்கும் முடியும். நான்கும் இரண்டு, மூன்று சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாகத் தெளித்தால் அந்த சிலிண்டர் பெட்ரோல் போதாமல் காய்ந்து, நாக் அடித்து (கலவை தாறுமாறாக வெடித்து), பிஸ்டன் ஓட்டையாகும். ஆக்சிஜன் சென்சார் காட்டுவது நான்கின் சராசரி. அதில் இது தெரியாது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் குற்றவாளி அங்கேதான்.

இன்ஜெக்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து, 12 ஓமுக்கு மேல் காட்டுவதை மட்டும் எடுங்கள். 2, 3 ஓம் உள்ளதை நேரே மாட்டினால் ஈசியூவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரியும்.

மாட்டும்போது ஓ-ரிங் புதிது. அதில் ஒரு துளி எஞ்சின் ஆயில். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை ஆன் செய்து, ரெயிலைச் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கழற்றி மறுபடி உட்கார வையுங்கள்.