பை வைத்த இடத்தில் எரிச்சல்

கேள்வி: மலக்குடல் புற்றுநோய்க்காக அப்பாவுக்கு ஆபரேஷன் செய்து இடது பக்க வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. துடைக்கும்போது லேசாக ரத்தம் வருகிறது. ஓரத்தில் தையல் விட்ட மாதிரி சின்னப் பள்ளம். சுற்றிலும் தோல் சிவந்து எரிகிறது என்கிறார். சித்தப்பா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. எண்ணெய் பட்ட தோலில் பை ஒட்டாது, ஒட்டாவிட்டால் கசியும், கசிந்தால் தோல் இன்னும் வெந்துபோகும். டெட்டாலும் வேண்டாம், வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

வெளியே தெரியும் அந்தச் சிவப்புக் குடல் பகுதிக்கு (ஸ்டோமா) தொட்டால் வலி தெரியாது. அதனால் அப்பா எரிகிறது என்றால் அது தோல்தான், பெரும்பாலும் பையைத் தோலோடு ஒட்டும் தகட்டில் வெட்டிய ஓட்டை பெரிதாக இருப்பதால், அந்த இடைவெளியில் மலம் பட்டுப் பட்டு வருவது. ஆபரேஷன் ஆன புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும், 6 முதல் 8 வாரத்துக்குள் படிப்படியாகச் சுருங்கும், ஆனால் நிறைய வீடுகளில் டிஸ்சார்ஜ் அன்று வெட்டிக் கொடுத்த அளவிலேயே மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அளந்து, ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். வெந்த தோலில் ஸ்டோமா பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள். கசிந்தால் மேலே பிளாஸ்திரி போட்டுச் சமாளிக்காதீர்கள், கழற்றி மாற்றிவிடுங்கள்.

துடைக்கும்போது சொட்டு ரத்தம் வருவது சகஜம், ஈரத்துணியால் லேசாக அழுத்தினால் நிற்கும். நிற்கவில்லை, அல்லது உள்ளிருந்தே ரத்தம் வந்து பையில் சேர்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தப் பள்ளத்தை மட்டும் நீங்களாக எதுவும் செய்யாமல் இந்த வாரமே சர்ஜனிடம் காட்டுங்கள். ஸ்டோமாவும் தோலும் சேரும் இடத்தில் தையல் விட்டிருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், சாப்பிடாமல் இளைத்துப்போனவர்களுக்கும் இது அதிகம். மேலோட்டமாக இருந்தால் உள்ளே மருந்து வைத்து மேலே தகட்டை ஒட்டுவார்கள், சில வாரத்தில் தானாக மூடும். சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

அப்புறம், ஸ்டோமாவின் நிறம். உதட்டின் உள்பக்கம் மாதிரி ஈரமாகச் சிவந்திருந்தால் சரி. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் ரத்த ஓட்டம் இல்லை என்று பொருள். இது பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே வருவது, என்றாலும் பை மாற்றும்போதெல்லாம் பாருங்கள். ஸ்டோமா உள்ளே இழுத்துக்கொண்டாலும், மலமும் காற்றும் நின்று வயிறு உப்பி வாந்தி வந்தாலும் காத்திருக்காதீர்கள். பேதி மருந்து, விளக்கெண்ணெய் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

போகும்போது புதுப் பையும் கத்தரியும் கையோடு இருக்கட்டும், பழையதைக் கழற்றித்தான் பார்ப்பார்கள்.